தினமும் காலை ஆறு மணிக்கு ஏரியைப் பார்த்தவன்: பி.காம். படிச்சவனுக்கு சிக்னல் ப்ராசஸிங்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

பழவேற்காடு பத்தி நாங்க போட்ட எபிசோடைக் கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதுல நான் ரொம்ப உருக்கமா ஒரு விஷயம் சொன்னேன். "ஏரி என் கண் முன்னாடியே வத்துது. ஒரே வாரத்துல ஒரு சாண் தண்ணி இறங்கிடுச்சு"ன்னு. ஆதாரமா எட்டு போட்டோ போட்டோம். எட்டு நாள், தினமும் காலை ஆறு மணி, படகுத்துறைல இருக்கிற அதே மரக்கம்பம். முதல் நாள் கம்பத்துல தண்ணி மேல இருக்கு. எட்டாவது நாள் ஒரு சாண் கீழ இருக்கு. நடுவுல ஒரு நாள்கூட ஏறவே இல்ல. நிறைய பேர் ஷேர் பண்ணீங்க.

அது தப்பு. போட்டோ பொய் இல்ல, நான் சொன்ன முடிவுதான் தப்பு.

அதைக் கண்டுபிடிச்சது ஒரு இன்ஜினியரோ புரொஃபசரோ இல்ல. அந்த எபிசோடுக்காக நான் பேசின ஒரு அக்கா. மீன் வியாபாரம் பண்றவங்க. பேர் வேண்டாம்னு அவங்க கேட்டுக்கிட்டதால அக்கான்னே சொல்றேன். எபிசோடு வந்த மூணாவது நாள் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாங்க:

"தம்பி, நல்லாத்தான் பேசிக்கிறீங்க. ஆனா நீங்க பாத்தது ஏரி வத்துறத இல்ல. நீங்க தெனம் ஒரே நேரத்துக்கு எழுந்துக்குறதத்தான் பாத்துக்கிறீங்க."

எனக்குப் புரியல. போன் பண்ணேன். சிரிச்சாங்க. "அந்தப் படத்துல கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு படகு கட்டிக்குது பாருங்க. அணியம் எந்தப் பக்கம் பாத்துக்குது?"ன்னு கேட்டாங்க. அணியம்னா படகோட முன்பக்கம். எல்லாப் படத்துலயும் பார்த்தேன். முதல் படத்துல மட்டும் படகு குறுக்கால, ஒரு பக்கமும் சேராம நிக்குது. மத்த ஏழுலயும் அது முகத்துவாரம் பக்கம், கடல் பக்கம் பார்த்துக்கிட்டிருக்கு. முன்பக்கம் கயிறு கட்டின படகு, காத்து இல்லாத நேரத்துல, தண்ணி எங்கேர்ந்து வருதோ அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பி நிக்கும். அப்போ தண்ணி கடல்லேர்ந்து உள்ள வந்துக்கிட்டிருக்கு.

"ஏறுற தண்ணியப் படம் புடிச்சிட்டு வத்துதுன்றீங்களே"ன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஏழு படத்துலயும் தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. ஆனா படங்களை வரிசையா அடுக்கினா தண்ணி இறங்குது. இது எப்படி முடியும்? அந்தக் கேள்விதான் என்னை டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் படிக்க வெச்சது. நான் பி.காம். பன்னிரண்டாவதுக்கு அப்புறம் சைன், காஸ் எதையும் தொட்டதே இல்ல. இந்த எபிசோடு அந்தப் படிப்பைப் பத்தினது.

ஆறு மணிக்கும் ஆறு ஐம்பதுக்கும் நடுவுல

முதல்ல இடம். பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்கு முனை நம்ம பக்கம். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவுல நீளமா ஸ்ரீஹரிகோட்டா. நம்ம பக்கத்துல கடலும் ஏரியும் சந்திக்கிற வாசல்தான் முகத்துவாரம். அது வழியா ஓதம் உள்ள வரும், வெளிய போகும்.

ஓதம்னா பள்ளிக்கூடத்துல படிச்ச அதே ஹை டைட், லோ டைட். முக்கியக் காரணம் நிலா. ஒரு ஏற்றத்துலேர்ந்து அடுத்த ஏற்றத்துக்கு சுமார் 12 மணி 25 நிமிஷம். அப்போ ஒரு நாளைக்கு ரெண்டு ஏற்றம், ரெண்டு இறக்கம். ஆனா ரெண்டு ஏற்றம் சேர்ந்தா 24 மணி நேரம் இல்ல, 24 மணி 50 நிமிஷம். அந்த 50 நிமிஷம்தான் என் காலை வாரிவிட்டது.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு தண்ணி முழு ஏற்றத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க. நான் போட்டோ எடுக்கிறேன். அடுத்த நாள் முழு ஏற்றம் 6.50-க்கு. ஆனா நான் ஆறு மணிக்கே நிக்கிறேன். இன்னும் 50 நிமிஷம் ஏற வேண்டிய தண்ணி, அதனால நேத்தை விடக் கொஞ்சம் கீழ இருக்கு. மூணாவது நாள் முழு ஏற்றம் 7.40-க்கு. இன்னும் கீழ. இப்படியே எட்டாவது நாள் வரும்போது நான் முழு ஏற்றத்துக்கு 5 மணி 50 நிமிஷம் முன்னாடி நிக்கிறேன். அதாவது கிட்டத்தட்ட முழு இறக்கத்துல, தண்ணி அப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு.

ரெண்டாவது நாள்லேர்ந்து எல்லாக் காலையிலயும் ஆறு மணிக்குத் தண்ணி ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் தினமும் 50 நிமிஷம் சீக்கிரமா வந்துக்கிட்டிருந்தேன். அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

இன்னும் ஒரு வாரம் தங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? போட்டோவுல தண்ணி திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கும். 15-வது நாள் கிட்ட பழைய இடத்துக்கு வந்திருக்கும். கணக்கைச் சரியாப் போட்டா 14.77 நாள். 12 மணி 25 நிமிஷத்துல அடிக்கிற ஒரு துடிப்பு, என் போட்டோவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூச்சு விடுற பெரிய மெதுவான அலையா மாறி நிக்குது. நான் அதுல பாதியை மட்டும் பார்த்துட்டு ஊருக்கு வந்து "ஏரி வத்துது"ன்னு மைக்ல பேசிட்டேன்.

"என்கிற"

இதுக்கு சிக்னல் ப்ராசஸிங்ல ஒரு பேர் இருக்கு. ஏலியாசிங். ஏலியாஸ்னா வேற பேர்ல திரியறது. பேப்பர்ல குற்றச் செய்திகள்ல "இன்னார் என்கிற இன்னார்"னு போடுவாங்களே, அந்த "என்கிற"தான். வேகமான அலை ஒண்ணு, மெதுவான அலைங்கிற பேர்ல உங்க நோட்டுப் புத்தகத்துக்குள்ள நுழையுது. நுழைஞ்சதுக்கு அப்புறம் எது அசல் எதுன்னு அந்த நோட்டை மட்டும் வெச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது.

நீங்க எல்லாரும் இதைப் பார்த்திருக்கீங்க. பழைய படத்துல வண்டி முன்னாடி ஓடும், சக்கரம் பின்னாடி சுத்தும். சினிமா கேமரா விநாடிக்கு 24 படம் எடுக்குது. ரெண்டு படத்துக்கு நடுவுல சக்கரத்தோட ஆரக்கால் கிட்டத்தட்ட அடுத்த ஆரக்காலோட இடத்துக்கு வந்துடுச்சுன்னா, ஆனா கொஞ்சம் குறைவா வந்துச்சுன்னா, நம்ம கண்ணுக்கு அது பின்னாடி போன மாதிரி தெரியும். என் எட்டு போட்டோவும் அதே சக்கரம். நாளைக்கு ஒரு ஃப்ரேம்னு எடுத்த படத்துல ஏறுற தண்ணி இறங்குற மாதிரி ஓடுச்சு.

சரி, எவ்வளவு அடிக்கடி பார்த்தா ஏமாற மாட்டோம்? இதுக்கான விதியை எலக்ட்ரானிக்ஸ் படிச்ச எல்லாரும் மனப்பாடமாச் சொல்வாங்க. ஹாரி நைக்விஸ்ட் 1928-ல எழுதின கட்டுரையும், க்ளாட் ஷானன் 1949-ல எழுதினதும் இதுக்கு அடிப்படை. விதி சிம்பிள்: ஒரு அலையை ஒழுங்காப் பிடிக்கணும்னா, அந்த அலை ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ரெண்டு தடவைக்கு மேல பார்க்கணும். ஓதத்துக்கு அது 12 மணி 25 நிமிஷம், அப்போ 6 மணி 12 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவையாவது பார்க்கணும். நான் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தேன்.

இந்த எபிசோடு உங்க காதுக்கு வர்றதும் இதே விதிப்படிதான். மனுஷக் காது அதிகபட்சமா விநாடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். அதை ரெண்டால பெருக்கி, கொஞ்சம் இடம் விட்டு, சி.டி.க்கு விநாடிக்கு 44,100 சாம்பிள்னு வெச்சாங்க. சாம்பிள்னா வேற ஒண்ணும் இல்ல, ஒரு தடவை எட்டிப் பார்த்து ஒரு நம்பர் எழுதறது. அஞ்சு வருஷமா ஆடியோ எடிட் பண்றேன், அந்த 44,100-ஐ தினமும் ஸ்க்ரீன்ல பார்க்கிறேன். அது ஏன் அங்க இருக்குன்னு ஒரு படகோட அணியத்தைப் பார்த்தப்புறம்தான் கேட்கத் தோணுச்சு.

நான் மட்டும் ஏமாறல, சாட்டிலைட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. 2013 பிப்ரவரி 25-ம் தேதி, இதே ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து பி.எஸ்.எல்.வி. சி20-ல 'சரள்'னு ஒரு செயற்கைக்கோள் போச்சு. இஸ்ரோவும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து செஞ்சது. வேலை, கடல் மட்டத்தோட உயரத்தை அளக்கிறது. 2016 வரைக்கும் அது 35 நாளைக்கு ஒரு தடவைதான் அதே இடத்துக்கு மேல திரும்பி வந்துச்சு. அதுவும் சூரியனோட ஒத்துப்போற சுற்றுப்பாதை, அதனால எப்ப வந்தாலும் அந்த இடத்துல கடிகாரம் ஏறத்தாழ அதே மணியைத்தான் காட்டுச்சு.

ஓதத்துல நிலாவோட பங்கு தவிர சூரியனோட பங்கும் இருக்கு, அது சரியா 12 மணி நேரத்துக்கு ஒரு சுத்து. எப்பவும் ஒரே மணிக்கு வந்து பார்க்கிறவனுக்கு அந்த அலை நகரவே நகராது. உறைஞ்சு நிக்கும். இருக்குன்னே தெரியாது. நிலாவோட 12 மணி 25 நிமிஷ அலை அந்த சாட்டிலைட்டுக்கு அப்போ சுமார் 95 நாள் அலையாத் தெரிஞ்சுது. விஞ்ஞானிகளுக்கு இது முன்கூட்டியே தெரியும். அதனால ஓதத்தைத் தனியாக் கணக்குப் போட்டுக் கழிச்சிட்டுத்தான் கடல் மட்டத்தைச் சொல்வாங்க. எனக்கும் அவங்களுக்கும் அதுதான் வித்தியாசம்: ஒரே நேரத்துல எழுந்திருக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியும்.

ஒரு கம்பம், ஒரு நோட்டு

மன்னிப்புக் கேட்டா மட்டும் போதாது, சரியா அளந்து பார்க்கணும்னு தோணுச்சு. திரும்பப் போனேன். சவுக்குக் கம்பு ஒண்ணுல சென்டிமீட்டர் கோடு போட்டு, படகுத்துறைல ஆட்டம் இல்லாத இடமாப் பார்த்து நட்டோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளவு எழுதணும், 16 நாள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுதறது? எனக்கு அதுதான் பெரிய கவலை. அக்காவுக்கு அது கவலையே இல்ல. ராத்திரி எப்பவும் யாராவது வலைக்குப் போவாங்க, யாராவது திரும்பி வருவாங்க. அக்காவோட அண்ணன் பையன், ப்ளஸ் டூ படிக்கிறான், நோட்டுக்குப் பொறுப்பு எடுத்துக்கிட்டான். போறவங்க வர்றவங்க டார்ச் அடிச்சுப் பார்த்து அவனுக்குப் போன்ல நம்பர் சொல்வாங்க. 192 அளவு வந்திருக்கணும். 181 வந்துச்சு. விட்டுப் போன பதினொண்ணுல எட்டு, நான் முறை வாங்கிக்கிட்டு தூங்கிட்டது.

முறைன்னு சொன்னதும் ஒண்ணு. இங்க கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாதிரி ஊர்கள்ல 'பாடு'ன்னு ஒரு வழக்கம் இருக்கு. ஏரியில எந்த இடத்துல, எந்த நாள், யார் வலை போடலாம்னு சீட்டுப் போட்டு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. முதல்ல நான் எபிசோடு பண்ணப் போனதே அதைப் பத்தித்தான். முறை தவறாம ஒரு நோட்டு எழுதறது இந்த ஊருக்குப் புதுசே இல்ல.

181 நம்பரையும் லேப்டாப்ல ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு கிராஃப் வரைஞ்சேன். அவ்வளவு அழகான அலை. நாளைக்கு ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம். என் ஆறு மணி அளவுகளை மட்டும் சிவப்புல புள்ளி வெச்சேன். அலை மேல சிவப்புப் புள்ளிகள் மெதுவா இறங்கி, மெதுவா ஏறுது. என் தப்பு முழுசும் ஒரே படத்துல இருந்துச்சு.

அந்தப் படத்துல இன்னொண்ணும் தெரிஞ்சுது. சில நாள் மேடும் பள்ளமும் பெருசா இருக்கு, சில நாள் சின்னதா இருக்கு. நிலாவோட அலையும் சூரியனோட அலையும் ஒரே பக்கம் தள்ளினா பெரிய ஓதம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும். ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சா சின்ன ஓதம். ரெண்டு சீரான அலையைக் கூட்டினா இப்படி ஒரு சீரற்ற மாதிரி தெரியற வடிவம் வரும். இதைத் திருப்பிச் செய்யலாம், சீரற்ற வடிவத்தைக் கொடுத்தா உள்ள என்னென்ன சீரான அலைகள் இருக்குன்னு பிரிச்சுத் தரலாம்னு சொன்னவர்தான் பிரெஞ்சுக்காரர் ஃபூரியே. சிக்னல் ப்ராசஸிங்கோட இதயம் இது.

கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இதைப் பித்தளைச் சக்கரத்துல செஞ்சிருக்காங்க. கெல்வின் பிரபு 1872-ல ஓதம் கணிக்கிற ஒரு இயந்திரத்தை வடிவமைச்சார். ஒவ்வொரு அலைக்கும் ஒரு சக்கரம். எல்லாத்துக்கும் மேல ஒரே கம்பி ஓடும். கம்பியோட நுனியில பேனா. கைப்பிடியைச் சுத்தினா எல்லா அலையும் கூடி, வரப்போற ஓதம் காகிதத்துல வரையப்படும். 1879-ல எட்வர்ட் ராபர்ட்ஸ்ங்கிறவரோட வடிவமைப்புல இந்தியத் துறைமுகங்களுக்குன்னே ஒரு இயந்திரம் லண்டன்ல செஞ்சாங்க. இன்னைக்கும் சர்வே ஆஃப் இந்தியா வெளியிடற ஓத அட்டவணைக்குப் பின்னாடி இருக்கிறது அதே கூட்டல்தான். சக்கரத்துக்குப் பதிலா கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

ஏரியே ஒரு ஃபில்டர்

அடுத்த பாடம் ஃபில்டர். இதுக்கும் எனக்குப் புத்தகத்தை விட ஏரிதான் உதவுச்சு.

கடற்கரைல நின்னா ஏழெட்டு விநாடிக்கு ஒரு அலை வந்து அடிக்குது. முகத்துவாரத்தைத் தாண்டி ஏரிக்குள்ள வந்தா அந்த அலை இல்ல. சின்ன வாசல், பெரிய ஏரி. ஒரு அலை உள்ள தள்ளின தண்ணி ஏரியோட மட்டத்தை உயர்த்தறதுக்குள்ள, அடுத்த விநாடி அது திரும்ப வெளிய போயிடுது. ஆனா ஓதம் பொறுமையானது. ஆறு மணி நேரம் தொடர்ந்து தள்ளுது. அதனால கொஞ்சம் உள்ள வருது, கடல்ல இருக்கிறதை விடச் சின்னதா, கொஞ்சம் லேட்டா. மழைக்காலத்துல மட்டம் உயர்ற மாதிரி மாசக்கணக்கா நடக்கிற மாற்றம் முழுசா ஏரிக்குள்ள தெரியும்.

வேகமானதைத் தடுக்குது, மெதுவானதை விடுது. எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 'லோ பாஸ் ஃபில்டர்'னு ஒரு பட்டன் இருக்கும். அது செய்யறது இதைத்தான். எதைத் தடுக்கணும், எதை விடணும்னு எல்லை வைக்கிற அந்தத் திருகுக் குமிழ் ஏரியில எங்க இருக்குன்னா, முகத்துவாரத்தோட அகலத்துல. வாசல் அகலமா ஆழமா இருந்தா ஓதம் தாராளமா வரும். மணல் சேர்ந்து வாசல் குறுகினா ஓதம் சின்னதாகும். முழுசா மூடினா ஓதம் நின்னே போகும்.

காத்துல எடுத்த பேட்டியை நான் க்ளீன் பண்றது இதுக்கு நேர் எதிர். மைக்ல காத்து மோதற சத்தம் பெரும்பாலும் அடித் தொண்டை மாதிரி கீழ இருக்கும். பேச்சு அதுக்கு மேல. விநாடிக்கு 80 அதிர்வுக்குக் கீழ இருக்கிறதை வெட்டினா காத்து பெருமளவு குறையும், குரல் நிக்கும். அது ஹை பாஸ்.

இப்ப என் கேள்விக்கு வரேன்: ஏரி நிஜமாவே வத்துச்சா? அதுக்கு நானே ஒரு லோ பாஸ் ஃபில்டர் செஞ்சேன். ரொம்ப எளிமையானது, பேர் மூவிங் ஆவரேஜ். அடுத்தடுத்த 12 அளவை எடுத்து சராசரி போடணும். 12 அளவுன்னா ஒரு நாள். ஒரு நாள்ல ரெண்டு மேடும் ரெண்டு பள்ளமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அப்புறம் ஒரு அளவு நகர்ந்து அடுத்த 12. இப்படியே கடைசி வரைக்கும். ஓதத்தோட சுத்து சரியா 24 மணி நேரம் இல்லைங்கிறதால கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆனா நூத்துல நாலு பங்குகூட இருக்காது.

வந்த கோடு கிட்டத்தட்ட நேரா இருந்துச்சு. 16 நாள்ல அது நாலு சென்டிமீட்டருக்குள்ளதான் ஆடிச்சு. ஒரு சாணும் இல்ல, ஒண்ணும் இல்ல.

நான் வடிகட்டினது

அந்தக் கோட்டை அக்காகிட்ட பெருமையாக் காட்டினேன். "பாருங்கக்கா, எல்லா ஏத்த இறக்கத்தையும் நீக்கிட்டேன். ஏரி அப்படியேதான் இருக்கு."

அவங்க லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அப்ப ஓதம் எங்க?"ன்னாங்க.

"அதைத்தான் எடுத்துட்டேன்."

"அத எடுத்துட்டா ஏரி எங்க தம்பி? தண்ணி இருக்கறதா பெருசு? தண்ணி வந்து போறதுதான் எங்களுக்கு. எறா குஞ்சு கடல்லேர்ந்து ஓதத்துலதான் உள்ள வருது. மொவத்துவாரம் தூந்துடுச்சுன்னா தண்ணி நிக்கத்தான் நிக்கும். கொளம் மாதிரி நிக்கும். அதுல என்னா பண்றது?"

அங்க என்கிட்ட பதில் இல்ல. நான் நாய்ஸ்னு நினைச்சு வடிகட்டினது அவங்களோட சிக்னல். ஏரியோட சராசரி மட்டம் மாறாமலே இருக்கலாம். அதுக்குள்ள ஓதம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கிட்டே போகலாம். என் நேர்க்கோட்டுல அது தெரியவே தெரியாது. தெரியணும்னா அளக்க வேண்டியது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தை, அதாவது அந்த 12 மணி 25 நிமிஷ அலையோட உயரத்தை. கிராஃப்ல நான் தூக்கிப் போட்ட பாகத்தை.

முகத்துவாரம் மணல் மூடறது இங்க நிஜமான பிரச்சினை. அடைஞ்சா படகு கடலுக்குப் போக முடியாது, இறால் உள்ள வராது. மணலை வாரி வழி வெட்டிவிடறதும், அது திரும்ப அடையறதும் ரொம்ப காலமா நடக்குது. அதனாலதான் என் பழைய எபிசோடு வெறும் தகவல் பிழை மட்டும் இல்ல. ஏரிக்கு ஆபத்துன்னு சொன்னேன், ஆனா தப்பான ஆபத்தைச் சொன்னேன். நாளைக்கு யாராவது வந்து "மட்டம் சரியாத்தானே இருக்கு, அந்தப் பாட்காஸ்ட்காரன் உளறினான்"னு சொன்னா, அது நிஜமான பிரச்சினையைப் பேசறவங்களுக்கு எதிராத்தான் போய் முடியும்.

அதே மாதிரி இந்த 16 நாள் நோட்டை வெச்சு "ஏரி நல்லா இருக்கு"ன்னும் சொல்லிட முடியாது. எவ்வளவு அடிக்கடி பார்க்கிறோம்ங்கிறது வேகமான விஷயங்களுக்கான எல்லை. எவ்வளவு நாள் பார்க்கிறோம்ங்கிறது மெதுவான விஷயங்களுக்கான எல்லை. வருஷக்கணக்கா நடக்கிறதை 16 நாள் நோட்டு சொல்லாது. அந்தப் பையன்கிட்ட இதைச் சொன்னேன். கம்பை எடுக்காதீங்க, விட்டுட்டுப் போங்கன்னான். இப்போ ஒவ்வொரு அமாவாசைக்கும் மூணு நாள் முழுசா எழுதறான். நிலா ஒரே நிலையில இருக்கிறப்போ எடுத்தா மாசத்துக்கு மாசம் ஒப்பிடறது கொஞ்சம் நியாயமா இருக்கும்ங்கிறது அவன் யோசனை.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது

இப்போ உங்களுக்கு. இன்ஜினியரிங் படிக்காதவங்க இதைத் தொட முடியுமா? முடியும். நான் தடுமாறின வரிசையைச் சொல்றேன், நீங்க குறைவாத் தடுமாறலாம்.

முதல்ல புத்தகத்தைத் திறக்காதீங்க. ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்க. முதல் வரிசையில 0, 1, 2, 3னு 720 வரைக்கும் மணி நேரம். 720 மணின்னா 30 நாள். அடுத்த வரிசையில காஸ் ஃபங்ஷனைப் போட்டு, மணியை 12.42-ஆல வகுத்து, ரெண்டு பையால பெருக்குங்க. கிராஃப் போட்டா ஓதம். இப்போ 24-வது, 48-வது, 72-வது மணியை மட்டும் தனியா எடுத்து கிராஃப் போடுங்க. என் எட்டு போட்டோ உங்க ஸ்க்ரீன்ல வரும். ஏலியாசிங்கை இதை விட நல்லா விளக்கற லெக்சரை நான் இன்னும் கேட்கல.

ரெண்டாவது, ஆடசிட்டின்னு இலவச ஆடியோ சாஃப்ட்வேர். உங்க குரலைப் பதிவு பண்ணி ஸ்பெக்ட்ரோகிராம் வியூல பாருங்க. "ச" சொன்னா மேல புகை மாதிரி, "ம்" சொன்னா கீழ கோடு மாதிரி வரும். ஃபூரியே செஞ்ச பிரிப்பைக் கண்ணால பார்க்கிற வழி இது.

மூணாவதுதான் புத்தகம். ஸ்டீவன் ஸ்மித் எழுதின 'தி சயின்டிஸ்ட் அண்ட் இன்ஜினியர்ஸ் கைடு டு டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்' இணையத்துல இலவசமாக் கிடைக்குது, கணக்கை விட விளக்கம் அதிகம். கொஞ்சம் பைத்தான் தெரிஞ்சா ஆலன் டௌனி எழுதின 'திங்க் டி.எஸ்.பி.', அதுவும் இலவசம். என்.பி.டி.இ.எல். லெக்சர்களும் இருக்கு. ஆனா அதுல மூணாவது லெக்சர்லயே நான் கீழ விழுந்தேன். கலப்பெண்கள் வரும்போது பயப்படாதீங்க. 'சுத்திக்கிட்டிருக்கிற ஒரு முள்'னு நினைச்சுக்கிட்டா முக்கால்வாசி வேலை நடக்கும்.

நாலாவது, எதையாவது அளங்க. வீட்டு மாடித் தொட்டியில தண்ணி மட்டம், பஸ் வர்ற நேரம், தெருவோட சத்தம், எதுவானாலும். அளக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதி வெச்சுக்கோங்க: இதுல எவ்வளவு வேகமா மாறுறது இருக்கு, நான் எவ்வளவு அடிக்கடி பார்க்கப்போறேன். அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தா இன்னைக்கு மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன்.

அளந்து முடிச்சப்புறம், வடிகட்டறதுக்கு முன்னாடி, அங்கேயே இருக்கிற ஒருத்தரைக் கேளுங்க, இதுல உங்களுக்கு எது வேணும்னு.

பழைய எபிசோடை நாங்க நீக்கல. அந்த இடத்துல திருத்தத்தைச் சேர்த்திருக்கோம், எட்டு போட்டோவும் அப்படியே இருக்கு. போய் அணியத்தைப் பாருங்க.

இந்த எபிசோடு வெளிய வர்றதுக்கு முன்னாடி அக்காவுக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்களாம். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாங்க: "அந்த எட்டு தடவை தூங்குனத சொல்லாம வுட்டுருக்கலாம் தம்பி." விடல. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.